காவல் நாயும் உடையவன் கடமையும்



வீட்டில் நாய் வளர்ப்பது நம் நாட்டார்க்குப் புதிதன்று. ஆனால் பிட்புல், ராட்வீலர் போன்ற அயல்நாட்டு நாய்களை வளர்க்கலாமா, அவை பிறவியிலேயே கொடியவையா என்னும் வழக்கு அண்மை ஆண்டுகளில் உயர்நீதிமன்றங்கள் வரை சென்றிருக்கின்றது. நம் விருதுநகர், சாத்தூர், சிவகாசிப் பகுதிகளிலும் கிடங்குக் காவலுக்கென்றும், தோட்டக் காவலுக்கென்றும், சிலர் வெறும் பெருமைக்கென்றும் இத்தகைய குட்டிகளைத் தேடி விலை பேசுகின்றனர். “நாய் வளர்ப்பதும் ஒரு ஞான காரியமா? இதைக் குடும்ப ஏட்டில் எழுதுவானேன்?” என்று வாசகர் சிலர் வினவக்கூடும். ஒரு குழந்தையின் முகமும் ஓர் அயலானின் உயிரும் அடங்கியுள்ள எந்தக் காரியமும் ஞான காரியமே என்பது நம் மறுமொழி. ஆகவே இம்மாதம் இதனைச் சற்று விரிவாகச் சிந்திப்போம்.

நடந்தவை மூன்று

2022 ஜூலை மாதம் லக்னோ நகரில், ஓய்வு பெற்ற ஆசிரியையான 82 வயது மூதாட்டி ஒருவர் தம் சொந்த வீட்டிலேயே நாயால் கடியுண்டு இறந்தார். கடித்தது தெருநாய் அன்று. அவருடைய மகன் ஆசையோடு வளர்த்த பிட்புல். அவ்வீட்டாரோடு பழகிய நாய்.

2024 மே 5-ஆம் நாள் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதியில், மாநகராட்சிப் பூங்கா ஒன்றில் 5 வயதுச் சிறுமி விளையாடிக்கொண்டிருந்தாள். அவள் தந்தை அப்பூங்காவின் காவலாளி. குடும்பம் அங்கேயே தங்கியிருந்தது. அயலில் வாழ்ந்த ஒருவருடைய இரண்டு ராட்வீலர் நாய்கள் கட்டின்றிப் பூங்காவுக்குள் வந்து அச்சிறுமியைத் தாக்கின. காக்க ஓடிய தாயும் கடிபட்டாள். குழந்தையின் தலையில் ஏற்பட்ட கொடிய காயத்திற்கு அறுவைச் சிகிச்சை செய்ய வேண்டியதாயிற்று. நாய்களின் உரிமையாளர் கைது செய்யப்பட்டார்.

2025 ஆகஸ்டு மாதம் அதே சென்னையில் ஜாபர்கான்பேட்டையில், 55 வயது மனிதர் ஒருவர் அண்டை வீட்டாரின் பிட்புல் நாயால் கடியுண்டு மாண்டார். தடுக்க முயன்ற உரிமையாளரையே அந்நாய் கடித்தது.

இம்மூன்று நிகழ்ச்சிகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். திருடனுக்கு அஞ்சித்தான் காவல் நாய் வளர்க்கிறோம் என்கின்றோம். இங்கே கடியுண்டவர் யார்? வளர்த்தவனின் தாய், காவலாளியின் மகள், அண்டை வீட்டுக்காரர். மூவரில் ஒருவரேனும் திருடர் அல்லர். காவலுக்கு என்று வைக்கும் ஆயுதம் பெரும்பாலும் நம் வாசலுக்கு அருகிலிருப்போர் மீதே பாய்கிறது என்னும் உண்மையை முதலில் மனத்தில் கொள்ளவேண்டும்.

தடையும் தடுமாற்றமும்

இத்தகைய துயரங்களின் பின்னர் அரசு வாளாவிருக்கவில்லை. 2024 மார்ச் 12-ஆம் நாள் மத்திய அரசின் கால்நடை பராமரிப்புத் துறை, பிட்புல், ராட்வீலர் உள்ளிட்ட 23 இன நாய்களின் இறக்குமதி, இனப்பெருக்கம், விற்பனை ஆகியவற்றைத் தடுக்குமாறு மாநிலங்களுக்கு எழுதியது. ஏற்கெனவே வீடுகளில் உள்ளவற்றுக்குக் கருத்தடை செய்ய வேண்டும் என்றும் கூறியது. ஆனால் சம்பந்தப்பட்டோரின் கருத்தைக் கேளாமல் இட்ட ஆணை என்று ஏப்ரல் மாதமே கர்நாடக உயர்நீதிமன்றம் அதனைத் தள்ளுபடி செய்தது. தமிழ்நாட்டில் 2024 மே மாதம் அதே வகையான ஆணை ஒன்று வெளிவந்து, வந்த வேகத்திலேயே திரும்பப் பெறப்பட்டது. பின்னர் 2025 டிசம்பரில் சென்னை மாநகராட்சி மன்றம் பிட்புல், ராட்வீலர் ஆகிய இரண்டு இனங்களுக்கும் புதிய உரிமம் வழங்குவதில்லை என்று தீர்மானித்தது.

அயல்நாடுகளிலும் இதே தடுமாற்றந்தான். இங்கிலாந்து 1991-இல் ஆபத்தான நாய்கள் பற்றிய சட்டத்தை இயற்றி, பிட்புல் உட்பட நான்கு இனங்களைத் தடுத்தது. அதன் பின்னும் அந்நாட்டில் நாய்க்கடியால் மருத்துவமனை சேர்வோர் தொகை குறையாமல் பெருகியே வந்தது. 2024 பிப்ரவரி முதல் எக்ஸ்.எல். புல்லி என்னும் வேறொரு பெருநாயையும் பட்டியலில் சேர்க்க வேண்டியதாயிற்று. ஹாலந்து நாடோ 1993-இல் விதித்த பிட்புல் தடையை, அதனால் கடிகள் குறையவில்லை என்று கண்டு, ஏறத்தாழ 15 ஆண்டுகளுக்குப்பின் நீக்கிவிட்டது. ஒரு நாடு தடையை நீட்டுகிறது. மற்றொரு நாடு தடையை நீக்குகிறது. இரண்டிலும் நாய் கடித்துக்கொண்டுதான் இருக்கிறது.

இரு தரப்பாரும் கூறுவது

“பிறவிக் குணம் மாறுமா? நாயின் இனமே கொடியது” என்பர் ஒரு சாரார். இவர்கள் கூற்றில் உண்மை உண்டு. பிட்புல் இனத்தின் முன்னோர் இங்கிலாந்தில் கட்டப்பட்ட காளையின் மீது ஏவப்பட்ட நாய்கள். 1835-இல் அக்கொடிய விளையாட்டைச் சட்டம் தடுத்தபின், நாயோடு நாயை மோதவிட்டுப் பந்தயம் கட்டும் குழிகளுக்கென இவை வளர்க்கப்பட்டன. காயம் பட்டும் பின்வாங்காதது எதுவோ, பற்றியதை விடாதது எதுவோ, அதனையே தேர்ந்தெடுத்துத் தலைமுறை தலைமுறையாகப் பெருக்கினர். ஆகவே ஒரு சிறு நாய் கடித்தால் ஊசியோடு போகும். இந்நாய் கடித்தால் உறுப்போடு போகும். தாடையில் ஏதோ பூட்டு இருப்பதாகக் கூறுவது கட்டுக்கதை. ஆயினும் பற்றியதை விடாத பிடிவாதம் மெய்யே.

“நாயில் குற்றமில்லை, வளர்ப்பில்தான் குற்றம்” என்பர் மற்றொரு சாரார். இவர்கள் கூற்றிலும் உண்மை உண்டு. 2022-இல் அமெரிக்க அறிவியலார் 18,000-க்கும் மேற்பட்ட நாய்களைப்பற்றி அவற்றை வளர்ப்போரிடம் வினவி, அவற்றுள் 2,155 நாய்களின் மரபணுக்களையும் ஆராய்ந்தனர். ஒரு நாய்க்கும் மற்றொரு நாய்க்கும் உள்ள நடத்தை வேறுபாட்டில் இனத்தால் விளக்கக்கூடியது ஏறத்தாழ 9 விழுக்காடு மட்டுமே எனக் கண்டனர். ஆகவே இனத்தின் பெயரைக் கேட்டவுடன் ஒரு நாயின் குணத்தை அறிந்துவிட்டதாக எண்ணுவது பேதைமை.

இனி, நம் ஊர்க் கதையைப் பார்ப்போம். “அயல்நாட்டு நாய் ஆகாது, நாட்டு நாய் போதும்” என்று கூறி இவ்வழக்கை முடித்துவிடுவோரும் உளர். புகழ்பெற்ற ராஜபாளையம் நாய் நம் மாவட்டத்து ஊரின் பெயரைத் தாங்கியது. வெண்ணிற மேனியும் இளஞ்சிவப்பு மூக்கும் உடையது. 2005 ஜனவரியில் இந்திய அஞ்சல் துறை வெளியிட்ட நான்கு நாய்த் தலைகளில் அதுவும் ஒன்று. முயல் விரட்டும் சிப்பிப்பாறை நாயும் நம் வட்டாரத்ததே. இவை நம் வெயிலைத் தாங்கும். நம் உணவில் வளரும். இவற்றைப் பேணுவது நல்லதுதான். ஆனால் ராஜபாளையம் நாய் அயலாரை எளிதில் அண்டவிடாது என்பது இப்பகுதியில் யாவரும் அறிந்த செய்தி. அதைத்தானே அதன் பெருமையாகவும் பேசுகிறோம்? நம் ஊர்ப் பல் என்பதற்காக அது குழந்தையின் கன்னத்தில் மெல்லப் பதியாது. ஆகவே ஊரைப் பார்த்து நாயை நல்லதென்பதும், ஊரைப் பார்த்துத் தீயதென்பதும் ஒன்றே.

இறைவனின் சட்டம்

நம் பெரியோர் வினாவை வேறு விதமாகத் தொடுத்தனர். விடுதலைப் பயண நூலின் 21-ஆம் அதிகாரத்தில் முட்டுகிற மாட்டைப் பற்றிய சட்டம் ஒன்றுண்டு. மறைக்கல்வி வகுப்புகளில் நாம் அதிகம் படிக்காத பகுதி அது. ஒருவனுடைய மாடு திடீரென ஒருவரை முட்டிக் கொன்றால் மாடு கொல்லப்பட வேண்டும்; உடையவன் குற்றமற்றவன். ஆனால் அம்மாடு முன்னரே முட்டும் வழக்கமுள்ளது என்று அறிந்து, அதுபற்றி உடையவனுக்கு எச்சரிக்கையும் தந்திருக்க, அவன் அதைக் கட்டிக் காவாமல் விட்டிருந்தால், அப்போது இரத்தப்பழி உடையவன் தலைமேலும் வரும். முட்டுண்டவர் சிறு மகனாயினும் மகளாயினும் அதே விதி.

மூவாயிரம் ஆண்டுகளுக்குமேல் பழமையான மரபைச் சார்ந்த இச்சட்டத்தின் நுட்பத்தைப் பாருங்கள். மாடு நல்ல இனமா, தீய இனமா என்று அது கேட்கவில்லை. உடையவனுக்குத் தெரிந்திருந்ததா என்று கேட்கிறது. தெரிந்தபின் என்ன செய்தாய் என்று கேட்கிறது. குற்றம் கொம்பில் தொடங்கி உடையவனின் அறிவில் வந்து நிற்கிறது. நம் நாட்டின் இன்றைய சட்டமும் இதே வழியில்தான் செல்கிறது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சம்ஹிதையின் 291-ஆம் பிரிவு, தன் வசமுள்ள விலங்கினால் மனித உயிருக்கு ஆபத்தோ கொடுங்காயமோ நேரக்கூடும் என்னும் நிலையில் தக்க காவல் செய்யாதவனுக்கு 6 மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை தண்டமோ, இரண்டுமோ விதிக்கிறது. இங்கும் இனத்தின் பெயர் இல்லை; உடையவனின் கவனக்குறைவே குற்றம்.

இனி, “எனக்குத் தெரியாது” என்று கூற யாருக்கேனும் இடமுண்டா? லக்னோவும் சென்னையும் நாடு முழுவதற்கும் எச்சரிக்கை ஆகிவிட்டன. கொல்லும் வலிமையுள்ள நாயை இன்று வாங்குகிற எவரும் எச்சரிக்கப்பட்ட உடையவரே. இதுவே இம்மாதம் நாம் வலியுறுத்த விரும்பும் ஒரே கருத்து.

மருந்து கற்பித்த பாடம்

இக்கருத்தைப் புரிந்துகொள்ள நம் பகுதி மக்களைவிடத் தகுதியுடையோர் யார்? பட்டாசு மருந்தோடு நாளும் பழகுபவர்கள் நாம். மருந்து நல்லதா, தீயதா என்று எந்தத் தொழிலாளியும் விவாதிப்பதில்லை. உராய்வு பட்டால் வெடிக்கும், ஈரம் பட்டால் சூடேறும் என்று அறிந்து அதற்குரிய விதிகளோடு தொடுகிறான். ஓர் அறையில் நால்வருக்கு மேல் இருக்கக்கூடாது, அறைக்கும் அறைக்கும் இடைவெளி வேண்டும், இரும்புக் கருவி ஆகாது என்பவை எல்லாம் எதற்காக? “இந்த மருந்து என்னிடம் நன்றாகப் பழகிவிட்டது, என்னை ஒன்றும் செய்யாது” என்று எந்த ஃபோர்மேனாவது சொல்லக் கேட்டதுண்டா?

2012 செப்டம்பர் 5-இல் முதலிப்பட்டியில் ஏறத்தாழ 40 உயிர்களும், 2021 பிப்ரவரி 12-இல் அச்சங்குளத்தில் 20-க்கும் மேற்பட்ட உயிர்களும் போயின. 2025 ஜூலை 1-இல் சின்னக்காமன்பட்டியிலும் வீடுகளில் அழுகுரல் எழுந்தது. இப்பகுதியின் விபத்துகளுக்குப்பின் நாம் திரும்பத் திரும்பக் கேட்டவை எவை? அளவுக்கு மிஞ்சிய ஆள், மரத்தடி வேலை, உள்குத்தகை. உரிமம் ஒருவர் பெயரில், வேலை மற்றொருவர் கையில், இழப்பு மூன்றாமவர் வீட்டில். மருந்தைக் குறை கூறி எவரும் தப்பிக்க முடியவில்லை. விதியை மீறிய மனிதரையே ஊர் நோக்கிற்று.

நாய் விஷயத்திலும் இதே உள்குத்தகை நடைபெறுகிறது. வாங்குபவர் ஒருவர், அவர் நகரத்தில் இருப்பார். சோறு வைப்பவர் கிடங்குக் காவலாளி. அவருக்கு நாயைப் பழக்கத் தெரியாது. கடிபடுவது அக்காவலாளியின் குழந்தையோ, வேலைக்குச் செல்லும் பாதையில் விடியற்காலை நடந்து வரும் பெண்ணோ. பெருமை ஒருவருக்கு, புண் மற்றொருவருக்கு என்றால் அது நீதியாகுமா?

கடி எங்கே தொடங்குகிறது?

நாய் திடீரென்று கடித்தது என்கிறோம். பெரும்பாலும் அது பல மாதங்களாகத் தயாரிக்கப்பட்ட கடி. குட்டி பிறந்த மூன்றாம் வாரம் முதல் பன்னிரண்டு, பதினான்காம் வாரம் வரை உள்ள பருவந்தான் அது மனிதரோடும் குழந்தைகளோடும் அஞ்சாமல் பழகக் கற்கும் காலம். அக்காலத்தில் இருட்டறையில் அடைத்து வளர்த்த குட்டி பின்னர் எல்லாரையும் பகைவராகவே காணும். எட்டு வாரம் நிரம்பாத குட்டியை விற்கக்கூடாது என்று 2017-ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகளே கூறுகின்றன. “மூர்க்கம் வரட்டும்” என்று குறுஞ்சங்கிலியில் இரவும் பகலும் கட்டிப்போடுவோர் உளர். இயல்பாக ஓடவேண்டிய உயிர், அச்சம் வந்தால் விலகிச் செல்ல வழியின்றி, அணுகுவோரைக் கடிப்பதையே கற்றுக்கொள்கிறது.

நம் பகுதிக்கே உரிய ஒரு துன்பமும் உண்டு. மனிதரின் செவி ஒரு நொடிக்கு 20,000 அதிர்வுகள் வரையே கேட்கும்; நாயின் செவியோ ஏறத்தாழ 45,000 வரை கேட்கும். நமக்கு எட்டாத மெல்லொலியும் அதற்கு எட்டும். நமக்கு மகிழ்ச்சியூட்டும் வெடியோசை அதற்குத் தாங்கவொண்ணா அச்சம். தீபாவளி நாளிலும், ஊர்ப் பொங்கலிலும், நம் பங்குத் திருவிழாவின் தேர்பவனியிலும் சரவெடி வெடிக்கும்போது சங்கிலியில் கட்டுண்ட நாயின் நிலையை எண்ணிப் பாருங்கள். எந்த நல்ல நாயும் அவ்வேளையில் அருகே வரும் குழந்தையைக் கடிக்கக்கூடும். அந்நேரம் அதனை வீட்டின் உள்ளறையில் விட்டுக் கதவைச் சாத்துவதும், குழந்தைகளை அதனிடம் செல்லாமல் தடுப்பதும் வீட்டாரின் கடமை.

பழமொழிகளையும் சற்று ஆராய்ந்தே நம்பவேண்டும். குரைக்கிற நாய் கடிக்காது என்பது மனிதரின் வாய்வீச்சைப் பற்றிய பழமொழி. நாயைப் பற்றிய மருத்துவ உண்மை அன்று. குரைக்கிற நாயும் கடிக்கும். வாலாட்டும் நாயெல்லாம் நட்புள்ளதும் அன்று. உடல் விறைத்து, கண் வெறித்து வாலை மட்டும் அசைக்கும் நாயை விட்டு விலக வேண்டும். உறுமுகிற நாயை அடிப்பதும் தவறு. உறுமல் என்பது அது நமக்குத் தரும் எச்சரிக்கை. அடித்து அதனை அடக்கினால், அடுத்த முறை உறுமாமலே கடிக்கும்.

குடும்பங்கள் செய்யத்தக்கவை

வாங்க எண்ணுவோர்க்கு முதலில் கூறுவோம். சிறு குழந்தைகள் உள்ள வீட்டிலும், சுவரோடு சுவர் ஒட்டிய தெருவிலும், பெற்றோர் இருவரும் விடியலில் வேலைக்குச் சென்றுவிடும் குடும்பத்திலும் பிட்புல், ராட்வீலர் போன்ற நாய்களுக்கு இடமில்லை. சட்டம் அனுமதித்தாலும் அன்பு அனுமதிக்காது. பல ஆயிரம் ரூபாய் கொடுத்து அச்சத்தை விலைக்கு வாங்குவானேன்? உறுதியான கதவும், நல்ல பூட்டும், ஒரு விளக்கும், அண்டை வீட்டாரின் நட்பும் அதனினும் சிறந்த காவல்.

ஏற்கெனவே வைத்திருப்போர் அதனைத் தெருவில் விட்டுவிடலாகாது. அது இரட்டைக் குற்றம். நம்பிய உயிருக்கும் தீங்கு, ஊருக்கும் தீங்கு. நகராட்சி அல்லது ஊராட்சி அலுவலகத்தில் பதிவு விதியைக் கேட்டறிந்து உரிமம் பெறுங்கள். கருத்தடை செய்யுங்கள். குட்டிக்கு மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி இட்டு, பின்னர் மருத்துவர் கூறும்படி தவறாது தொடருங்கள். வெளியே அழைத்துச் செல்லும்போது வலிய வாரும் வாய்க்கூடும் வேண்டும். வாரைப் பிடிப்பவர் அந்நாயை இழுத்து நிறுத்த வல்லவராக இருக்கவேண்டும். பத்து வயதுச் சிறுவன் கையில் அதைக் கொடுத்தனுப்புவது நாயைக் கட்டுவதன்று; சிறுவனை நாயோடு கட்டுவது. எத்தகைய நாயாயினும், சிறு குழந்தையோடு அதனைத் தனியே விடாதீர்கள்.

குழந்தைகளுக்குச் சிலவற்றைக் கற்பியுங்கள். உண்ணும் நாயையும், உறங்கும் நாயையும், குட்டி ஈன்ற நாயையும் தொடலாகாது. அயல் நாய் நெருங்கினால் ஓடவும் கத்தவும் கூடாது. மரம்போல் அசையாது நின்று, அதன் கண்ணைப் பாராமல், மெல்லப் பின்வாங்க வேண்டும். கீழே விழுந்துவிட்டால் முழங்காலை மடக்கி உருண்டு, கழுத்தையும் காதுகளையும் கைகளால் மூடிக்கொள்ள வேண்டும். மறைக்கல்வி ஆசிரியர்கள் ஒரு ஞாயிறு கால் மணி நேரம் இதற்கு ஒதுக்கினால் வீணாகாது.

கடித்துவிட்டால் என் செய்வது? மஞ்சளும் சுண்ணாம்பும் மிளகாய்த் தூளும் வேண்டா, மந்திரிப்பும் வேண்டா. ஓடும் நீரில் சோப்பிட்டுப் பதினைந்து நிமிடம் புண்ணைக் கழுவி, உடனே அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். தடுப்பூசி அங்கே இலவசம். கடியுண்ட நாள், 3-ஆம் நாள், 7-ஆம் நாள், 28-ஆம் நாள் எனத் தவறாது முடிக்கவேண்டும். ஆழ்ந்த கடியாயின் வேறொரு மருந்தும் புண்ணிலேயே செலுத்துவர். “நம் வீட்டு நாய்தானே” என்று வாளாவிருக்கலாகாது. 2024-இல் தமிழ்நாட்டில் நான்கு இலட்சத்திற்கும் மேற்பட்டோர் நாய்க்கடிக்கு ஆளாயினர். வெறிநோயால் 40-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். நோய்க்குறி தோன்றியபின் பிழைப்பது அரிதினும் அரிது. தோன்றுமுன் தடுப்பதோ எளிது. 1885 ஜூலை 6-இல் பாரீசில் லூயி பாஸ்டர் ஒன்பது வயதுச் சிறுவனுக்கு முதன்முதலில் அம்மருந்தைச் செலுத்திக் காப்பாற்றினார். அன்று ஒரு குழந்தைக்குக் கிடைத்த அரிய பேறு இன்று நம் ஊர் மருத்துவமனையிலேயே காத்திருக்க, அசட்டையால் ஒரு பிள்ளையை இழக்கலாமா?

உயிர்களுக்கும் கடமை உண்டு

இவற்றைக் கூறுவதால் நாயைப் பகைக்கச் சொன்னோம் என்று எவரும் கொள்ளற்க. தோபித்து நூலில் இளைஞன் தோபியா வானதூதரோடு நெடுவழி புறப்பட்டபோது அவன் நாயும் உடன் சென்றது. திரும்பி வரும்போதும் பின்னே வந்தது. அச்சிறு செய்தியை விவிலியம் விடாமல் குறித்து வைத்திருக்கின்றது. ஆரோக்கியநாதர் சுருபத்தின் காலடியில் அப்பம் கவ்வி நிற்கும் நாயை நம் குழந்தைகள் அறிவர். விலங்குகள் இறைவனின் படைப்புகள், மனிதர் அவற்றுக்குப் பரிவு காட்டக் கடமைப்பட்டவர்கள், அவற்றைக் காரணமின்றித் துன்புறுத்துவது மனித மாண்புக்கே இழுக்கு என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் கற்பிக்கின்றது. அதே இடத்தில், மனிதரின் துயர் துடைக்கச் செலவிட வேண்டிய பணத்தை விலங்குகளுக்கென்று வாரி இறைப்பதும் தகாது என்கின்றது. இரண்டையும் சேர்த்தே படிக்கவேண்டும்.

ஒரு சிந்தனை கூறி முடிப்போம். காளையின் மீது நாயை ஏவியவன் மனிதன். நாயோடு நாயை மோதவிட்டுப் பணம் வைத்தவன் மனிதன். மூர்க்கமானதைத் தேர்ந்து பெருக்கியவனும் மனிதனே. அம்மூர்க்கம் இன்று திரும்பி வந்து மனிதனின் குழந்தையைக் கடிக்கும்போது, “கொடிய இனம்” என்று நாயை மட்டும் சுட்டுவது நேர்மையாகாது. படைப்பின் மீது நமக்கு ஆளுகை தந்த ஆண்டவர், அதற்குக் கணக்கும் கேட்பார். நம் வாசலில் கட்டியிருக்கும் ஒவ்வோர் உயிருக்கும், அவ்வாசலைக் கடந்து செல்லும் ஒவ்வோர் ஏழைக் குழந்தைக்கும் நாமே பொறுப்பு. வலிய நாயை வைத்திருப்பவர் தம் வலிமையைப் பறைசாற்ற வேண்டியதில்லை; தம் பொறுப்பை மெய்ப்பித்தால் போதும்.

நம் இல்லங்களின் வாயில்கள் அஞ்சி விலகிச் செல்லும் வாயில்களாக அல்லாமல், அயலார் நம்பி நெருங்கும் வாயில்களாக விளங்க இறைவன் அருள்வாராக.